மருந்து அடிக்கக் கூடாது

ஜாங்கிரியை எறும்பு சீண்டவில்லை. மருதாசலம் முதலில் கவனித்தது அதைத்தான்.

நாலாம் வார்டு, பெண்களுக்கான பொது அறுவை சிகிச்சைப் பிரிவு. எட்டாம் படுக்கைக்காரிக்கு யாரோ ஒரு டப்பா ஜாங்கிரி கொண்டுவந்து, மூடியைக் கூடப் போடாமல் அலமாரி மேல் வைத்திருந்தார்கள். பாகு வழிந்து தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எறும்பு வரிசை அந்த அலமாரியின் காலை உரசிக்கொண்டே போனது. ஏறவில்லை. ஒன்பதைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது. பதினோராம் படுக்கையின் இரும்புக் காலில் ஏறிப் போர்வைக்குள் போயிற்று.

ஒன்பதாம் படுக்கையை அவன் பார்க்கவில்லை. பதினாலு மாதமாக அந்தப் படுக்கையைப் பார்க்காமல்தான் அந்த வார்டில் நடக்கிறான்.

"வந்துட்டாருய்யா பூச்சி டாக்டர்" என்றார் ஜெசிந்தா சிஸ்டர். வார்டுக்குத் தலைமை நர்ஸ். எதையும் கிண்டலாகச் சொல்லிவிட்டு, சொன்ன கையோடு வேலையையும் முடித்துவிடுகிற பெண்மணி. "பேஷண்டை நான் பார்த்துக்கறேன், எறும்பை நீங்க பார்த்துக்கங்க தம்பி."

பதினோராம் படுக்கையில் தெய்வானை. இருபத்துமூன்று வயது. குடல்வால் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். பக்கத்தில் அவள் கணவன் சபரி, லேத் பட்டறைக் கறை போகாத கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க, இது ஆஸ்பத்திரியா, எறும்புப் புத்தா? அந்த டின்ல இருக்கிறத ரெண்டு அடி அடிச்சு உடுங்க, சாகட்டும்."

"அடிக்கக் கூடாதுங்க."

"மருந்தடிக்கிறவரே அடிக்கக் கூடாதுன்னா, அப்புறம் அதெதுக்குங்க முதுகுல?"

"இது கரப்பானுக்கு. இந்தப் பொடி எறும்பு வேற ரகம்" என்றான் மருதாசலம். எல்லா வார்டிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகம், அதே தொனியில் வந்தது. "ஒரு கூட்டுல ராணி ஒண்ணு இல்லீங்க. அம்பது, நூறு இருக்கும். மருந்து வாடை பட்டதும் ஒவ்வொரு ராணியும் கொஞ்சம் ஆளைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு பக்கம் ஓடும். ஒரு கூடு இருபது கூடாயிரும். இனிப்புல விஷம் கலந்த ஜெல் வெச்சா அதுகளே எடுத்துட்டுப் போய் ராணிக்கு ஊட்டும். மூணு வாரத்துல மொத்தமும் காலி."

தெய்வானை தலையைத் திருப்பினாள். "நூறு ராணியும் ஒரே வீட்டுலயா? சண்டை வராதுங்களா?"

"வராதுங்க."

"எங்க வீட்டுல நானும் அத்தையும் ரெண்டே பேருதான்."

"ஏய்" என்றான் சபரி.

மருதாசலம் போர்வை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். கட்டுப் போட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி எறும்புகள் நின்றன. மேயவில்லை. அவள்மேல் ஏறவுமில்லை. மீசையை ஆட்டியபடி, கட்டைப் பார்த்து அரைவட்டமாக நின்றன. விலங்கியலில் பட்டம் வாங்கியவன் அவன். தீனி இல்லாத இடத்தில் எறும்பு நிற்காது என்பது முதல் வருஷப் பாடம்.

கல்லூரியில் பழகிய வேலைமுறை ஒன்று அவனிடம் இருந்தது. எறும்பு வரிசையின்மேல் ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி எடுப்பான். ஏழெட்டு ஒட்டிக்கொள்ளும். அப்படியே நோட்டில் ஒட்டி, தேதி, வார்டு, படுக்கை எண் எழுதிவைப்பான். யாரும் கேட்டதில்லை. யாரும் பார்த்ததுமில்லை. பதினொன்று என்று எழுதிவிட்டு, ஏதோ உறுத்த, முந்தைய பக்கத்தைப் புரட்டினான்.

போன வாரம், ஆண்கள் வார்டு, இரண்டாம் படுக்கை. அதற்குமுன் இதே வார்டு, ஐந்தாம் படுக்கை. இரண்டிலும் ஜெல்லைச் சரிபார்க்க அவன் மறுபடி போனபோது படுக்கை காலியாக இருந்தது. ஒருவர் தீவிர சிகிச்சைக்குப் போயிருந்தார். ஒருவர் வீட்டுக்குப் போகவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனான்.

"சிஸ்டர், பதினொண்ணுக்கு ரத்தம் எடுத்துப் பாருங்க."

"எதுக்கு?"

"கிருமி இறங்கியிருக்குமோன்னு."

"காய்ச்சல் இல்லை, பிரஷர் நல்லா இருக்கு, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறோம். சீட்டுல என்னன்னு எழுதட்டும்? எறும்பு வந்துச்சுன்னா?"

அவன் நோட்டைத் திறந்து இரண்டு பக்கங்களைக் காட்டினான். ஜெசிந்தா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஐந்தாம் படுக்கை என்ற எழுத்தின்மேல் விரல் நின்றது.

"பேரூர் ரிடையர்டு டீச்சர். இந்தக் கட்டில்லதான் போனாங்க" என்றார். அப்புறம் கிண்டல் ஒன்றும் வரவில்லை.

டியூட்டி டாக்டரிடம் போய், பேஷண்ட்டுக்கு லேசாக நடுக்கம் இருந்தது, நானே பார்த்தேன் என்று கூசாமல் ஒரு பொய் சொல்லி ரத்தம் எடுத்தார். மாலைக்குள் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி. தெய்வானைக்குக் காய்ச்சல் மறுநாள் காலையில்தான் ஏறியது. அதற்குள் மருந்து பத்து மணி நேரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பிழைத்தாள்.

எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவன் வேலை. பார்த்தான். வார்டுச் சுவரிலிருந்து குழாய்ச் சந்து, அங்கிருந்து மேலே, மேலே, ஆறாம் மாடி. பூட்டிக் கிடப்பதாக எல்லாரும் சொல்லும் ஆராய்ச்சிக்கூடத்துக் கதவிடுக்கில் போய் முடிந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு பெண், மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப்போக வந்தவர்போல, மைக்ராஸ்கோப்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கழுத்து அட்டையில் லோகநாயகி என்று இருந்தது.

அவன் முதுகில் தொங்கிய ஸ்பிரேயரைப் பார்த்ததும், "வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சா உங்களுக்கு?" என்றார்.

"எறும்பு உங்களுதுங்களா மேடம்?"

"ஆமா. உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காரலாம், காலிதான். கீழ நீங்க வெக்கிற ஜெல் இந்தக் கூடு வரைக்கும் வந்து சேரலை."

அவன் ஸ்பிரேயரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"கிருமி ரத்தத்துல இறங்கினதும் உடம்பு ஒரு வாடையை விடும். நம்ம மூக்குக்கு எட்டாது. நாய்க்கு எட்டும், ஆனா நாயை வார்டுல விட முடியாது. அதனால எறும்பை மாத்தினோம். அந்த வாடைதான் இதுகளுக்கு இனிப்பு. சர்க்கரைகூட அதுக்கு அப்புறம்தான். காய்ச்சல் வர்றதுக்குப் பத்து மணி நேரம் முன்னாடியே போய் நிக்கும். கடிக்காது, தொடாது. நிக்கும், அவ்வளவுதான்."

"எறும்பு காலிலேயே கிருமி ஒட்டிக்கிட்டுப் படுக்கைக்குப் படுக்கை போகுமே. ஆஸ்பத்திரியில இதை விடக் கூடாதுன்னு படிச்சதே அதுக்காகத்தான்."

லோகநாயகி முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "என்ன படிச்சீங்க?"

"பி.எஸ்ஸி. விலங்கியல்."

"நல்ல கேள்வி. மூணு வருஷம் அதுக்கே போச்சு. இதுங்க உடம்புல ஊறுற எண்ணெயில கிருமி பிழைக்காது. வார்டுல இருக்கிற எந்தக் கையையும்விட இந்தக் கால் சுத்தம்."

"அப்புறம் ஏன் மேடம் நிறுத்தினாங்க?"

"தப்பாச் சொல்லியிருந்தா திருத்தச் சொல்லியிருப்பாங்க. சரியாச் சொல்லிருச்சு." அவர் மைக்ராஸ்கோப்பைப் பெட்டிக்குள் இறக்கினார். "எறும்பு போய் நின்ன படுக்கையெல்லாம் யார் யாருதுன்னு பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் மூணாம் தியேட்டர்ல ஆபரேஷன் ஆனவங்க. அந்தத் தியேட்டரோட ஏசி குழாய்க்குள்ளதான் கிருமி குடியிருக்கு. குழாயை உடைச்சு மாத்தணும், நாலு மாசம் மூடணும்னு எழுதிக் கொடுத்தேன். தியேட்டரை மூடலை. என்னை மூடிட்டாங்க."

"எறும்பை?"

"எரிக்கச் சொன்னாங்க. எரிச்சேன். ஒரு தட்டுக்கு மட்டும் மூடி சரியா உக்காரலை."

"கவனிக்கலையா?"

"கவனிச்சேன்" என்றார் லோகநாயகி.

"எப்ப மேடம் அது?"

"வர்ற ஆடி வந்தா ரெண்டு வருஷம்."

மருதாசலம் நோட்டைத் திறந்தான். பின்னோக்கிப் புரட்டினான். எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். பதினாலு மாதத்துக்கு முன்னால். நாலாம் வார்டு, ஒன்பதாம் படுக்கை. டேப்புக்கு அடியில் எட்டு எறும்புகள். அவன் கையெழுத்துதான். மற்றப் பக்கங்களைவிடக் கொஞ்சம் அழகாக எழுதியிருந்தான்.

கோகிலவாணிக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன், மூன்றே நாளில் வீடு என்றார்கள். மூணாம் தியேட்டர். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் அவள். படுத்த படுக்கையில் பொழுது போகாமல் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எறும்பு வரைந்துகொண்டிருந்தாள். அவன் போனதும் சிரித்தாள். "உங்க ஆளுங்க என்னைப் பார்க்க வந்திருக்காங்க. பழம்கூட வாங்கிட்டு வரலை பாருங்க."

"நகரு" என்றான் அவன்.

"விடுங்களேன், சும்மாதானே நிக்குதுங்க."

அவன் விடவில்லை. டேப்பில் எட்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தான். கட்டில் கால் நாலையும் துடைத்தான். சுவரையும் துடைத்தான். மற்றவர்களுக்கு ஒரு சொட்டு ஜெல் வைப்பவன் அவளுக்கு மூன்று சொட்டு வைத்தான். பெண்டாட்டி படுத்திருக்கிற கட்டில் இல்லையா? வார்டிலேயே சுத்தமான கட்டில் அன்று அதுதான். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். நாலாம் நாள் டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, உடம்பு ஏத்துக்கலை என்றார். அவன் அதை நம்பினான். காரியம் முடிந்து வேலைக்கு வந்து, அடுத்த வார்டில் ஜெல் வைத்தான். அன்றிலிருந்து எதுவும் உறைக்கவில்லை. காபி சூடா, ஆறிப்போனதா என்பதுகூட.

லோகநாயகி நோட்டை எட்டிப் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

அவன் நோட்டை மூடினான். "எறும்புக்கு வேற என்ன பிடிக்கும் மேடம்?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினான். வைத்த ஜெல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தான். இருநூற்றுச் சொச்சம் இடம். கட்டில் அடியில், குழாய் மூலையில், ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால், தான் வைத்ததைத் தானே சுரண்டி எடுத்தான். இரண்டு நாள் ஆயிற்று. ஜெசிந்தா பார்த்தார். அந்த வாரத்திலிருந்து நர்ஸ்களிடையே ஒரு பழக்கம் வந்தது. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளி முகத்தைப் பார்க்குமுன் கட்டில் காலைப் பார்த்தார்கள். வரிசை ஏறியிருந்தால், துடைக்காமல், ஊசியை எடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஐந்து பேர் பிழைத்தார்கள். சீட்டில் எங்கும் எறும்பு இல்லை. எல்லாருக்கும் நடுக்கம் என்றே எழுதினார்கள்.

இப்படிப்பட்டது ஒளிந்தா கிடக்கும்? யாரோ ஒரு நோயாளியின் தம்பி எறும்பு வரிசையைப் படம் பிடித்து, "எறும்பு பார்த்துச் சொன்னது, ஆஸ்பத்திரி சொல்லவில்லை" என்று எழுதிப் போட்டுவிட்டான். கோயம்புத்தூர் முழுக்கச் சுற்றியது. மருதாசலத்துக்கு நிர்வாக மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

சந்திரமௌலி உரக்கப் பேசத் தெரியாதவர் என்று பெயர். மேசையில் வெள்ளைப் பூ வைத்திருப்பார்.

"மருதாசலம், உக்காருங்க. வெள்ளிக்கிழமை தரச்சான்று ஆய்வு, தெரியுமில்ல? அன்னைக்கு இந்தக் கட்டடத்துல ஒரு எறும்பு இருக்கக் கூடாது."

"மூணாம் தியேட்டர் இருக்கலாங்களா சார்?"

சந்திரமௌலி பூவை ஒருமுறை சரிசெய்தார். "உனக்கு என்ன வேலை இங்க?" என்றார். நீங்க, நீ ஆகிவிட்டது.

"பூச்சி கொல்றது."

"அப்ப கொல்லு. தியேட்டரைப் பத்தி டாக்டருங்க பேசிக்குவாங்க."

"ஜெல் வெச்சா மூணு வாரம் ஆகுங்க."

"இன்னைக்கு புதன். ஜெல்லெல்லாம் வேண்டாம், ஸ்பிரே அடி. எல்லா வார்டும், எல்லா மூலையும்."

"பொடி எறும்புக்கு ஸ்பிரே அடிக்கக் கூடாது சார். கூடு உடைஞ்சு பரவும். ஒவ்வொரு வார்டுக் கதவுலயும் எழுதி ஒட்டியிருக்கேன்."

"பார்த்தேன். உங்களுக்கெல்லாம் வேலை செய்யாம இருக்க ஒரு காரணம். அடிச்சா சாகாத எறும்பு எங்கப்பா இருக்கு?"

மருதாசலத்துக்குப் பதினாலு மாதத்தில் முதன்முறையாக உள்ளே ஏதோ சூடாக நகர்ந்தது. அது என்ன என்று அடையாளம் தெரிய அவனுக்கு நேரம் பிடித்தது.

"எழுதிக் கொடுத்துருங்க சார்" என்றான்.

"என்னது?"

"ஜெல் வேண்டாம், எல்லா இடத்துலயும் ஸ்பிரே அடிக்கவும்னு. ரெண்டு வரி போதும். நாளைக்கு என்னை யாரும் கேக்கக் கூடாது பாருங்க."

சந்திரமௌலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தாளில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். "அந்த நோட்டு ஒண்ணு வெச்சிருக்கியாமே, டேப்பு ஒட்டி. அதைக் குடுத்துட்டுப் போ."

"அது தர முடியாதுங்க."

"ஆஸ்பத்திரில எழுதினது ஆஸ்பத்திரிக்குச் சொந்தம்."

"நோட்டு என்னுது. அதுல என் சம்சாரம் இருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தான். அது எந்த அர்த்தத்தில் சொன்னது என்று சந்திரமௌலி யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்தியிருந்தது.

அன்று மதியமே ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டான். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று படித்திருந்தானோ, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தான். கூடு இருக்கும் சுவரில் நேராக அடித்தான். குழாய்ச் சந்தின் வாயில் அடித்தான். எறும்பு சாகிற அளவுக்கு அல்ல, மிரள்கிற அளவுக்கு. நாலாம் வார்டில் அவன் அடிக்கத் தொடங்கியதும் ஜெசிந்தா குறுக்கே வந்து நின்றார்.

"நீங்களுமா தம்பி?"

"தள்ளுங்க சிஸ்டர், மருந்து படும்."

"அஞ்சு உசுரு. அஞ்சு உசுரைக் காப்பாத்துன ஜீவனை அடிக்கறீங்க. உங்க பொண்டாட்டிக்காகவாவது..." ஒன்பதாம் படுக்கைக்காரியைக் குளிப்பாட்டி அனுப்பியது ஜெசிந்தாதான்.

மருதாசலம் ஸ்பிரேயரை நிறுத்தினான். "நான் முடியாதுன்னா நாளைக்கு வெளியிலிருந்து ஆள் வருவான் சிஸ்டர். விவரமான ஆளா இருந்தா வரிசையைப் பிடிச்சு ஆறாம் மாடிக் கூட்டுக்கே போய் ஜெல் வெப்பான். மூணு வாரத்துல எல்லாம் முடிஞ்சுது." கதவுப் பக்கம் கையைக் காட்டினான். "அதுல என்ன எழுதியிருக்கேன், படிங்க."

ஜெசிந்தா திரும்பினார். ஒன்றரை வருஷமாகத் தினமும் பார்க்கிற காகிதம். பொடி எறும்பைக் கண்டால் தகவல் தரவும். மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் ஒரு கூடு பல கூடாகும்.

மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்து, பன்னெண்டு நாள். அதுவரைக்கும் ஒண்ணு வெளிய வராது."

"அதுவரைக்கும்?"

அவன் ஸ்பிரேயரை மறுபடி இயக்கினான்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். தரையில் முகம் தெரிந்தது. எறும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. தலைமை ஆய்வாளர் ஒரு பெண், கறாரான ஆள் என்றார்கள். வராந்தாவில் அவர் தனியாக வந்த நேரம் பார்த்து மருதாசலம் நோட்டை நீட்டினான். சந்திரமௌலி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேகமாக நடந்து வந்தார். அந்த அம்மாள் நாலு பக்கம் புரட்டினார். டேப்புக்கு அடியில் எறும்புகளைப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"எந்தெந்தப் படுக்கைக்கு எறும்பு வந்துச்சோ, அங்கெல்லாம் நோயாளிக்கு ரத்தத்துல கிருமி. மூணாம் தியேட்டர்லருந்து வருதுங்க. தேதியோட இருக்கு."

"கையெழுத்து யார் போட்டிருக்கா?"

"நான்தாங்க."

"நீங்க?"

"பூச்சி மருந்து அடிக்கிறவன்."

அவர் நோட்டைப் பணிவாகவே திருப்பிக் கொடுத்தார். "எங்க படிவத்துல இதுக்கு இடம் இல்லைப்பா." ஆஸ்பத்திரிக்குச் சான்று கிடைத்தது. அன்று எல்லாருக்கும் லட்டு. அவன் பங்கு லட்டைக் குழாய்ச் சந்தின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தான்.

மருந்து அடித்த ஆறாம் நாள், நாலாம் வார்டில் ருக்மணி இறந்துபோனாள். சின்னத்தடாகத்தில் பூ விற்பவள், நாற்பத்தெட்டு வயது, குடலிறக்கத்துக்காக வந்தவள். காய்ச்சல் ஏறிய பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கட்டில் காலில் ஒரு எறும்புகூட வரவில்லை.

ஜெசிந்தா அவனைத் தேடிக்கொண்டு மருந்துக் கிடங்குக்கே வந்தார்.

"பத்து நாள்னீங்க. ஆறாவது நாளே ஒருத்தி போயிட்டா."

அவன் கையிலிருந்த ஸ்பிரேயரைக் கீழே வைத்தான்.

"அடிச்சது சரிதானா தம்பி?"

"தெரியலை சிஸ்டர்."

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தான். ஒரு துண்டு டேப்பை வெறுமனே ஒட்டினான். அடியில் ஒன்றும் இல்லை. ஆறாம் படுக்கை, ருக்மணி என்று எழுதினான். அந்த நோட்டில் படுக்கை எண்ணோடு பெயர் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு பின்னால் போய் ஒன்பதாம் படுக்கைக்குப் பக்கத்தில் கோகிலவாணி என்று எழுதினான். பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, மை ஊறிப் பொட்டாகியது.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு முதல் வரிசை தெரிந்தது. நாலாம் வார்டில் இல்லை. கிழக்குக் கட்டடத்தில், எறும்பே பார்த்திராத குழந்தைகள் பிரிவில். ஏழரைக்கு எலும்பு முறிவு வார்டில். ஒன்பதுக்குத் தனி அறைகள் இருக்கும் எட்டாம் மாடியில். மந்திரிகளும் மில் முதலாளிகளும் படுக்கிற மாடி அது. ஒரு கூடு இருந்த கட்டடத்தில் நாற்பது கூடு. ஒவ்வொரு வரிசையும் பழத்தையும் ஹார்லிக்ஸையும் தாண்டிப் போய் எங்கோ ஒரு கட்டில் காலில் ஏறியது. நர்ஸ்கள் ஊசியை எடுத்தார்கள். எட்டாம் மாடியில் ஒரு மில் முதலாளியின் மகள் நர்ஸையே கேட்டாளாம்: "எறும்பு வந்திருக்கு, இன்னும் ஏன் ரத்தம் எடுக்கலை?"

நாலாம் வார்டுக்கும் வந்தது. ஜெசிந்தா கட்டில் காலடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "வந்துட்டீங்களா? லேட்டு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மட்டும் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் மூணாம் தியேட்டரில் இருந்து வந்தவர்கள் என்று கணக்குப் போட இப்போது ஆராய்ச்சியாளர் தேவைப்படவில்லை. சொந்தக்காரர்களே வராந்தாவில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு எந்தத் தியேட்டருங்க? மூணு. உங்களுக்கு? எங்களுக்கும் மூணுதானுங்க. தெய்வானையைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்த சபரி அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, பட்டறையில் கத்துகிற குரலில் கத்தினான்: "எறும்புக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?" அதிலிருந்து நாலாம் நாள் மூணாம் தியேட்டர்க் கதவில் பூட்டுத் தொங்கியது. பராமரிப்புப் பணி என்று பலகை வைத்தார்கள். குழாயை உடைக்கிற சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது.

சந்திரமௌலி மேசையில் அன்று பூ இல்லை.

"வேணும்னே செஞ்சே."

மருதாசலம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தான். முத்திரை தெரியும்படி விரித்தான்.

"நீங்க சொன்னீங்க, செஞ்சேன். வேண்டாம்னு சொன்னதுக்கு வார்டுக்கு வார்டு சாட்சி ஒட்டியிருக்கு சார்."

"ஒருத்தி செத்தா. தெரியுமா உனக்கு?"

"தெரியும். பேரு ருக்மணி." அவன் குரல் உயரவில்லை. "அவளை என் நோட்டுல எழுதியிருக்கேன். என் பேர்ல எழுதிக்கிட்டேன். உங்க பேர்ல இருக்கிறதையெல்லாம் நீங்க எங்க எழுதி வெச்சிருக்கீங்க சார்?"

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். மாற்றல் உத்தரவு. இதே நிர்வாகத்தின் ஈரோட்டுக் கிளை. "அங்க எறும்பே கிடையாது. நிம்மதியா இரு."

"அங்க எத்தனை தியேட்டருங்க?"

"அஞ்சு. எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

மறுநாள் மதியம் ஈரோட்டு பஸ்ஸில் ஏறினான். கையில் துணிப்பை ஒன்று, தகரத்தாலான வேலைப் பெட்டி ஒன்று. பெட்டியை மடியில் வைத்து மூடியை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்தான். ஜெல் ஊசிகளை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டான். அவை இருந்த தட்டில் ஈரப் பஞ்சு. பஞ்சுக்கு அடியில், கோகிலவாணி எறும்பு வரைந்த மருந்துச் சீட்டு. மடிந்த சீட்டின் மடிப்புக்குள் பொடிப் பொடியாக மஞ்சள் உயிர்கள் ஊர்ந்தன. நடுவில் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கருத்து, ராணிகள். எண்ணிப் பார்த்தான். ஏழு.

ஒன்று விளிம்பு தாண்டி அவன் கட்டைவிரலில் ஏறியது. நின்றது. மீசையை ஆட்டி அவனை முகர்ந்து பார்த்தது. அவனிடம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது, திரும்பி இறங்கிப் போனது.

கண்டக்டர் வந்தார். பெட்டிமேல் ஒட்டியிருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னங்க இது, விஷ மருந்தா? ஆளுக ஏறி இறங்கற வண்டிங்க. மூடி நல்லா மூடியிருக்குங்களா?"

"மூடியிருக்குங்க" என்றான் மருதாசலம்.

மூடியிருக்கவில்லை.